வடசென்னையில் மொட்டைமாடி சூரிய மின்சாரம்: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எர்ணாவூர் பகுதிகளில் மாடியில் சோலார் பேனல் போட முன்வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. ஒப்பந்ததாரர் முதலில் வீட்டுக்கு வருகிறார், முன்பணம் கைமாறுகிறது, அதற்குப் பிறகுதான் மின் இணைப்பு காலமான தாத்தாவின் பெயரில் இருப்பதும், பிற்பகலில் பக்கத்து மாடியின் நிழல் முழுத் தளத்தையும் மூடிவிடுவதும், மத்திய அரசின் மானியம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்கில் ஏறும் என்பதும் தெரியவருகின்றன. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். மின் ரசீது, இணைப்பின் பெயர், மாடி, வங்கி ஆகிய நான்கும் முடிந்த பிறகே ஒப்பந்ததாரரிடம் பேச வேண்டும்.

1. முதலில் மின் ரசீதைப் படியுங்கள்

கடந்த ஓர் ஆண்டின் ஆறு ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் ஆறு ரசீது ஓர் ஆண்டைக் காட்டிவிடும். ரசீதில் உள்ள ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மே, ஜூன் மாதங்களின் யூனிட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களின் யூனிட்டும் வெகுவாக வேறுபடும். கோடை ரசீதை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்தால் தேவைக்கு மேல் பெரிய அமைப்பை வாங்க நேரிடும்.

சென்னை வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும்; இரண்டு மாதத்தில் அது 240 யூனிட். நெட் மீட்டர் முறையில், மின்வாரியத்திடமிருந்து எடுத்த யூனிட்டில், பேனல் தந்து வீட்டில் செலவாகாமல் நாம் வெளியே அனுப்பிய யூனிட்டைக் கழித்து, மீதிக்கு மட்டும் கட்டணம் போடுகிறார்கள்.

2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தையும் அப்போதிருந்த 100 இலவச யூனிட்டையும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால் மூன்று நிலைகள் தெளிவாகத் தெரியும். உங்கள் ரசீதில் தற்போது அச்சாகியிருக்கும் விகிதங்களைக் கொண்டு இதே கணக்கை மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் எரிக்கும் வீட்டுக்குக் கட்டணம் சுமார் 2,900 ரூபாய். 1 கிலோவாட் பேனல் இருந்தால் மீதி 360 யூனிட்டுக்குச் சுமார் 1,000 ரூபாய்தான் வரும். சேமிப்பு 1,900 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டும்போது மேல் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, கீழ் அடுக்கில் கிடைக்கும் சலுகையும் போய்விடுகிறது. இந்த வீட்டின் முதல் 1 கிலோவாட் அந்த விலை உயர்ந்த பகுதியை வெட்டிவிடுகிறது. அதே வீட்டில் இரண்டாவது கிலோவாட் கூடுதலாகத் தருவது 950 ரூபாய் அளவில்தான், அதாவது முதலாவதில் பாதி.

400 யூனிட் எரிக்கும் வீட்டில் கட்டணம் சுமார் 1,175 ரூபாய். 1 கிலோவாட் இருந்தால் அதில் 1,000 ரூபாய் அளவுக்குக் குறையும்.

200 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு மொத்தக் கட்டணமே 240 ரூபாய்க்குள் அடங்கிவிடுவதால், பேனலுக்காகக் கடன் வாங்குவது அந்தக் குடும்பத்துக்கு நட்டம். இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். நல்ல நோக்கத்தோடு பரப்புரை செய்பவர்கள்கூட இந்த வீடுகளையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அப்படிப் பேசுவது அந்தக் குடும்பங்களுக்கு உதவி ஆகாது.

சூரிய மின்சாரத்துக்கெனத் தனிக் கட்டணம் ஏதேனும் உங்கள் இணைப்புக்கு உண்டா என்பதையும் உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகத்தில் கேட்டு இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. பேனலுக்கு முன் மின்விசிறியை மாற்றுங்கள்

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவில் ஓடிவிடும். நான்கு மின்விசிறிகள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில் இந்த மாற்றம் மட்டுமே இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் மிச்சம் பிடிக்கும். 1 கிலோவாட் பேனல் தரும் 240 யூனிட்டில் இது மூன்றில் இரண்டு பங்கு. செலவோ பேனலின் செலவில் சிறு பகுதிதான்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், 3 கிலோவாட் தேவை என்று நினைத்த வீட்டுக்கு 2 கிலோவாட்டும், 2 தேவை என்று நினைத்த வீட்டுக்கு 1 கிலோவாட்டும் போதும் என்பது மின்விசிறியை மாற்றிய பிறகு வரும் ரசீதில் தெரிந்துவிடும். கடன் தொகை அங்கேயே குறைந்துவிடுகிறது.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். மாடி வீட்டுக்காரருடையது, இணைப்பும் பெரும்பாலும் அவர் பெயரில்தான் இருக்கும். மின்விசிறியைக் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், பேனலை அப்படிச் செய்ய இயலாது.

3. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

வடசென்னையில் விண்ணப்பங்கள் அதிகம் தடைபடுவது இங்கேதான். மானியத்துக்கு விண்ணப்பிப்பவரின் பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதிகளின் பழைய வீடுகளில் இணைப்பு இரண்டு தலைமுறைக்கு முந்தையவர் பெயரிலேயே நின்றுவிட்டிருக்கும்; தவறாமல் கட்டணம் கட்டி வருவதால் யாருக்கும் அதை மாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்காது.

2022 நவம்பரில் தொடங்கிய ஆதார் இணைப்புப் பணியின்போது ஆதாரை இணைத்துவிட்டதால் பெயரும் மாறிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது வேறு, பெயர் மாற்றம் வேறு. அந்தப் பணியில் வாடகைதாரர்கள்கூடத் தங்கள் ஆதாரை இணைக்க முடிந்தது. ரசீதில் அச்சாகியிருக்கும் பெயர் எதுவோ அதுவே இணைப்பின் பெயர்.

பெயர் மாற்றத்துக்குக் கிரயப் பத்திரம் அல்லது தானப் பத்திரம், உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், மாநகராட்சியின் சொத்து வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு மின்வாரிய இணையதளத்திலோ பிரிவு அலுவலகத்திலோ விண்ணப்பியுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாத வீடாக இருந்தால் முதலில் குடும்பத்துக்குள் பேசி முடியுங்கள். கடன் வாங்கிப் பேனல் போட்ட பிறகு பங்குத் தகராறு எழுந்தால் தவணை கட்டுபவரே தனித்து நிற்பார்.

முன்னெழுத்தையும் கவனியுங்கள். ரசீதில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருந்தால், மானியம் அனுப்பும் கட்டத்தில் அது நின்றுவிடக்கூடும். மூன்றையும் இப்போதே ஒன்றாக்கிவிடுவது எளிது.

4. மாடியை அளந்து, நிழலைக் குறியுங்கள்

1 கிலோவாட்டுக்கு நடமாட்ட இடத்தையும் சேர்த்து 100 சதுர அடி வரை ஒதுக்குங்கள். 540 வாட் பேனல்கள் இரண்டு வைத்தாலே 1 கிலோவாட் வந்துவிடும்; ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ அளவு எடை.

காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று என மூன்று வேளை மாடிக்குச் சென்று, நிழல் விழும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பக்கத்து மாடியும் தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி அறையும்தான் நம் நெருக்கமான தெருக்களில் நிழலைத் தருகின்றன. பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால் ஒன்றின் மூலையில் விழும் நிழல்கூட மொத்த உற்பத்தியையும் இழுத்துவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகச் செல்லும். கோடையில் அளந்தவர்கள் தெற்கே உள்ள உயரமான கட்டடத்தின் நிழல் குளிர்காலத்தில் இன்னும் நீளும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பேனல்கள் தெற்கு நோக்கி, சென்னையின் அட்சரேகைக்கு ஏற்ப 13 பாகை அளவில் சாய்ந்திருப்பது நல்லது.

துணி உலர்த்தவும் வற்றல் போடவும் கோடை இரவில் படுக்கவும் மாடி தேவைப்படும் வீடுகளில், ஆள் நடமாடும் உயரத்தில் தாங்கிகளை அமைக்கலாம். அதற்குச் செலவு கூடும், காற்றின் பிடியும் கூடும். வீட்டில் மாடியை அதிகம் பயன்படுத்துபவர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

கூரையின் தன்மை அடுத்தது. கான்கிரீட் தளம் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் துளையிட விடாதீர்கள்; கட்டுமானப் பொறியாளர் ஒருவர் சட்டத்தின் நிலையைப் பார்க்காமல் அதன் மேல் எடை ஏற்றவும் கூடாது. சிமென்ட் ஷீட் கூரை பேனலைத் தாங்காது. சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ தனி இரும்புச் சட்டம் எழுப்ப வேண்டும். அந்தச் செலவு மானியத்தின் பயனையே விழுங்கிவிடும் என்றால், கூரையைத் தளமாக்கும் வரை காத்திருப்பது மேல்.

5. மானியத்தின் அளவும் அது வரும் நேரமும்

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்யகர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய். உள்நாட்டில் தயாரான செல்களைக் கொண்ட உள்நாட்டுப் பேனல்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். விலைப்பட்டியலில் 'டி.சி.ஆர்.' என்ற குறிப்பு இல்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பேனலை வாங்காதீர்கள்.

மானியம் முன்னதாக வருவதில்லை. பேனல் பொருத்தி, நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் ஆய்வு செய்து இயக்கச் சான்று தந்த பிறகே பயனாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படும். இடைப்பட்ட காலத்தில் முழு விலையையும் யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தண்டல் பணமோ மீட்டர் வட்டியோ வாங்கி நிரப்பினால், மானியம் வந்து சேரும் முன்பே அதில் ஒரு பங்கை வட்டி தின்றுவிடும். இதற்காகவே அடுத்த படி.

6. ஒப்பந்ததாரருக்கு முன் வங்கி

3 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குப் பொதுத்துறை வங்கிகள் அடமானம் இல்லாமல், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) அரை சதவீதம் மேல் என்ற வட்டியில், 2 லட்சம் ரூபாய் வரை கடன் தர இந்தத் திட்டத்தில் வழி செய்யப்பட்டிருக்கிறது. பொதுவாக விலையில் பத்தில் ஒரு பங்கை நாம் போட வேண்டும். விண்ணப்பம் மத்திய அரசின் கடன் விண்ணப்பத் தளமான ஜன் சமர்த் இணையதளத்தின் வழியாகச் செல்கிறது.

எடுத்துக்காட்டாக, 1 கிலோவாட் அமைப்பின் விலை 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 7,000 ரூபாய், வங்கிக் கடன் 63,000 ரூபாய். மானியம் 30,000 ரூபாய் வந்த அன்றே அதைக் கடனில் கட்டிவிட்டால் மீதி 33,000 ரூபாய் அளவில் நிற்கும். 6 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 640 ரூபாய். ஏழு ஆண்டு என்றால் சுமார் 480 ரூபாய்.

முதல் படியில் பார்த்த 600 யூனிட் வீடு மாதத்துக்கு ஏறத்தாழ 950 ரூபாய் சேமிக்கிறது. அதற்கு ஐந்து ஆண்டுத் தவணை வசதியாகப் பொருந்தும். 400 யூனிட் வீட்டின் சேமிப்பு மாதம் 515 ரூபாய் அளவுதான். அது ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தவணை எடுத்தால் சேமிப்பை விடத் தவணை பெரிதாகிவிடும். கடனின் காலத்தை முடிவு செய்ய வேண்டியது இந்த ஒப்பீடுதான். மானியப் பணத்தைக் குடும்பத்தின் வேறு தேவைக்கு எடுத்துவிட்டால் 63,000 ரூபாய்க்கும் தவணை கட்ட வேண்டிவரும், அப்போது கணக்கு முழுவதும் குலைந்துவிடும். மானியம் வந்ததும் அதைக் கடனில் வரவு வைத்துத் தவணைத் தொகையைக் குறைக்க வேண்டும் என்று கடன் வாங்கும்போதே வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள். சொல்லாமல் விட்டால் தவணைத் தொகை அப்படியே நின்று, கடனின் காலம் மட்டும் சுருங்கக்கூடும்.

வருமானச் சான்று காட்ட இயலாத மீனவர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர் குடும்பங்களில், மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒழுங்காகக் கடன் கட்டி வந்த உறுப்பினர் ஒருவர் இருந்தால், அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அந்தக் குழுவின் கணக்கு உள்ள கிளையிலேயே கேளுங்கள். பழகிய கிளையில் தவணை கட்டிய வரலாறு பேசும்.

முன்பணமே இல்லாதவர்களுக்காக, நிறுவனமோ மின்வாரியமோ தன் செலவில் பேனலைப் பொருத்தும் இரண்டு முறைகளுக்கு மத்திய அரசு 2024 டிசம்பரில் விதிமுறைகளை வெளியிட்டது. அந்த வழியில் யாரேனும் அணுகினால், யூனிட்டுக்கு என்ன விலை, அது ஆண்டுதோறும் ஏறுமா, பேனல் எப்போது நம் உடைமையாகும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

7. இணையதளத்தில் பதிவு

சூர்யகர் தேசிய இணையதளத்தில் கைபேசி எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் கொண்டு பதிவு செய்யுங்கள். சென்னை வடக்கு மண்டலத்தின் இணைப்பு எண் 01 என்று தொடங்கும். அதைத் தொடர்ந்து பிரிவு, பகிர்மானம், இணைப்பு ஆகியவற்றின் எண்கள் வரும். முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு எண் பொருந்தவில்லை என்று திரும்புபவர்கள் பலர்.

பதிவு செய்யும் கைபேசி எண் குடும்பத்தாருடையதாகவே இருக்கட்டும். கணினி மையத்தாரின் எண்ணையோ ஒப்பந்ததாரரின் எண்ணையோ கொடுத்தால், கடவுச்சொல்லும் மானிய விவரமும் அவரிடமே போகும். பிறகு ஒப்பந்ததாரரை மாற்ற நினைத்தாலும் முடியாது. 2024-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. ஆகவே அந்த ஆய்வை விரைவுபடுத்துவதாகச் சொல்லி யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐயங்களுக்குச் சூர்யகர் திட்டத்தின் 15555 என்ற எண்ணையும், மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

8. இப்போது ஒப்பந்ததாரர்

இணையதளத்தில் பதிவான மூவரிடமாவது எழுத்து மூலம் விலை வாங்குங்கள். பேனலின் நிறுவனமும் வாட் அளவும், இன்வெர்ட்டரின் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) நிறுவனம், தாங்கியின் உலோகம், நிலத்தொடர்பு (எர்த்திங்), நெட் மீட்டர் செலவு, வரி ஆகிய ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய தாளை ஏற்காதீர்கள். சூரிய மின் கருவிகளுக்கான சரக்கு, சேவை வரி (ஜி.எஸ்.டி.) 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விகிதத்தில் போட்ட பட்டியல் வந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு திட்டத்தின் நிபந்தனை, அதற்குத் தனியாகப் பணம் கிடையாது.

பணத்தை ஒரே முறையில் கொடுக்காதீர்கள். பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தியதும் ஒரு பங்கு, நெட் மீட்டர் ஓடத் தொடங்கியதும் கடைசிப் பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பேனல் பொருத்திய பிறகு மீட்டருக்காகக் காத்திருக்கும் காலத்தில்தான் ஒப்பந்ததாரர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை என்ற புகார் எழுகிறது; கடைசிப் பங்கு கையில் இருந்தால் அவர் வருவார்.

நம் பகுதிக்கு மட்டும் உரிய நான்கு விவரங்களைக் கட்டாயம் கேளுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையோரத்தில் உப்புக் காற்று சாதாரண இரும்பைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்போ அலுமினியமோ தாங்கிக்கும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கும் தேவை. பெயின்ட் அடித்த இரும்பு போதாது.

காற்றைப் பொறுத்தவரை, சென்னைக்கான அடிப்படை வேகத்தை இந்தியத் தரநிலை நொடிக்கு 50 மீட்டர் என்று வகுத்திருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்ட ஊர் இது. எடையை விட, கீழிருந்து பேனலைத் தூக்கும் காற்றின் விசைதான் ஆபத்தானது. தாங்கி அந்த வேகத்துக்குக் கணக்கிடப்பட்டது என்று எழுதி வாங்குங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகும் இன்வெர்ட்டரைத் தரைத்தள மீட்டர் பலகைக்கு அருகிலேயே மாட்டுகிறார்கள், கம்பி மிச்சமாகிறது என்பதற்காக. மாடிப்படியின் மேல் அறையில் நிழலான சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

நான்காவது நிலத்தொடர்பு. பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று தனித்தனியாக வேண்டும். இடம் இல்லை என்று சொல்லி மூன்றையும் ஒரே குழியில் சேர்ப்பது உயிருக்கு ஆபத்து.

மின்தடை நேரத்தில் இந்த அமைப்பு வேலை செய்யாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க, மின்வாரிய மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி சேர்த்தால் விலை வெகுவாக ஏறும்; மேலே போட்ட கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

9. வாரியக் குடியிருப்புகளிலும் அடுக்ககங்களிலும்

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் மொட்டைமாடி ஒரு குடும்பத்துக்கு உரியதன்று. ஒருவர் மட்டும் பேனல் போட முயன்றால் தகராறில் முடியும். பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் உள்ள பொது இணைப்பிலிருந்து தொடங்குவதே சரியான வழி. பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே சேமிப்பு வரும். 2023-இல் சிறு அடுக்ககங்களுக்கு மட்டும் கட்டணம் யூனிட்டுக்கு 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மற்றவற்றுக்கு அதற்கும் மேல். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், அதன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், மாடியைப் பயன்படுத்த வாரியத்தின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கடிதத்தை முதலில் வாங்குங்கள்.

10. பொருத்திய பிறகு

எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மணலி சாலைகளின் லாரிப் புழுதியும் பேனலில் விரைவில் படிந்துவிடும். வாரம் ஒரு முறை அதிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, மென்மையான துணியால் கழுவுங்கள். நண்பகலில் சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும். உப்பேறிய போர் தண்ணீர் வெண்படலம் விட்டுச் செல்லும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ வாட்டர் பயன்படுத்துங்கள்.

இன்வெர்ட்டர் காட்டும் மொத்த யூனிட்டை மாதத்தின் முதல் நாளில் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 1 கிலோவாட்டுக்கு மாதம் 120 யூனிட் என்ற சராசரியிலிருந்து, மழை இல்லாத மாதத்தில் 90-க்கும் கீழே இறங்கினால் தூசியோ நிழலோ கம்பி இணைப்போ காரணமாக இருக்கும்; பராமரிப்புக் காலம் இருக்கும்போதே ஒப்பந்ததாரரை அழையுங்கள்.

நெட் மீட்டர் மாட்டிய பிறகு வரும் முதல் ரசீதில், எடுத்த யூனிட், அனுப்பிய யூனிட் என இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கெடுப்பவர் பழைய முறையில் ஒரே எண்ணைப் பதிந்துவிட்டால் முழுக் கட்டணமும் வந்துவிடும். அப்படி வந்தால் மீட்டரின் இரண்டு அளவுகளையும் படம் எடுத்து, இயக்கச் சான்றின் நகலோடு கட்டணக் கெடு முடிவதற்குள் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.